தம்பியின் தோள்பட்டைக் கட்டியும் மதுரையில் பார்த்த வைத்தியமும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பல்லையும் கண்ணையும் காட்டிவிட்டு, முழு உடல் பரிசோதனையும் செய்துகொண்டு திரும்புவது வழக்கம். நானும் அந்த எண்ணத்தில்தான் மான்செஸ்டரிலிருந்து கிளம்பினேன். ஆனால் லீவின் பெரும்பகுதி மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வார்டிலும் லேப் கவுண்டரிலும் போய்விட்டது. நோயாளி என் தம்பி. திண்டுக்கல் பக்கம் விதைக்கடை வைத்திருக்கிறான், கொஞ்சம் தோட்டமும் உண்டு. அவன் தோள்பட்டையில் இருந்தது புற்று வகையைச் சேர்ந்த அபூர்வமான ஒரு தோல் கட்டி. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எப்படி எடுத்தார்கள், மறுபடி வராமலிருக்க என்ன செய்தார்கள், நம் ஊர் வசதி எங்கே நன்றாக இருந்தது, எங்கே சறுக்கியது என்று எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு ‘சாதாரணக் கட்டி’ வேறு யார் வீட்டிலாவது இருக்கலாம்.

கட்டி வந்து பல வருடம் ஆகிறது. முதலில் எட்டணா அளவில் தோல் மட்டும் தடித்திருந்ததாம். வலி இல்லை, அரிப்பு இல்லை. மெல்ல மெல்லப் பெரிதாகி, நிறம் கொஞ்சம் சிவந்து, மேடு தட்டியது. பார்த்தவர்களில் ஒருவர் மரு என்றார், ஒருவர் கெலாய்டு, அதாவது தழும்பு தடித்து வளர்வது, என்றார், ஒரு பெரியவர் பத்துப் போடச் சொன்னார். பத்தும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றில் மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். கொழுப்புக் கட்டி என்று சொன்னார்களாம். தையல் பிரித்ததோடு எல்லோரும் மறந்துபோனார்கள். அடுத்த வருடமே தழும்பின் ஓரத்தில் இரண்டு முண்டு கிளம்பியிருக்கிறது. போனில் அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நான் வந்த மறுநாள் அவன் தொட்டியடியில் குளிக்கும்போதுதான் பார்த்தேன்.

அந்த நர்சிங் ஹோமுக்குப் போய், “அன்னைக்கு எடுத்த கட்டியோட ரிப்போர்ட் வேணும்” என்று கேட்டேன். ரிப்போர்ட் கிடையாது. எடுத்ததை லேபுக்கு அனுப்பவே இல்லை. “பார்த்தாலே தெரியும்மா, கொழுப்புதான்” என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரியும் இல்லை, எவ்வளவு ஆழம் எடுத்தார்கள் என்ற குறிப்பும் இல்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்தக் கட்டியை ஒரு ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்பியிருந்தால், தம்பிக்கு இரண்டு வருடமும் ஒரு உள்ளங்கை அகலத் தோலும் மிச்சமாகியிருக்கும். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. மதுரையில் அறுவை டாக்டர் சொன்னதும் இதுதான்: இந்த நோயில் முதல் வெட்டு சரியாக விழுந்தால் பாதிக் கவலை போய்விடும்.

அந்த டாக்டர் கட்டியைப் பார்த்த விதமே வேறு. விரலால் பிடித்து மேல்தோலை மட்டும் நகர்த்திப் பார்த்தார், நகரவில்லை. கட்டியை மொத்தமாகப் பிடித்து அசைத்தார், அடியில் இருக்கும் தசை மேல் அது நகர்ந்தது. கொழுப்புக் கட்டியென்றால் மெத்தென்று இருக்கும், மேலே தோல் தனியாக வழுக்கும். இங்கே தோலேதான் கட்டியாகியிருக்கிறது என்று தம்பியின் விரலையே எடுத்து வைத்துக் காட்டினார். “முதல்ல ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்போம். பேர் தெரியாம பெரிய வெட்டு வேண்டாம்” என்றார். அன்றைக்கே பயாப்ஸி. அடுத்த நாள் காலையில் எம்.ஆர்.ஐ. இந்த வேகம் நான் இருக்கும் ஊரில் சுலபத்தில் கிடைக்காது. அதே சமயம், அங்கே தோலில் எதை வெட்டினாலும் லேபுக்குப் போய்விடும், நாம் கேட்கவே வேண்டாம். இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து பலமுறை நினைத்தேன்.

முதல் ரிப்போர்ட்டில் பெயர் உறுதியாக வரவில்லை. இன்னொரு சாயப் பரிசோதனை வேண்டும், கைக்காசு கட்ட வேண்டும் என்றார்கள். எதற்கு என்று கேட்கப் போனபோதுதான் நோய்க்குறியியல் டாக்டரைச் சந்தித்தேன். பொதுவாக இவர்களை நோயாளிகள் பார்ப்பதே இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் இவர்கள் சொல்வதை வைத்துத்தான் மற்ற எல்லாரும் வேலை செய்கிறார்கள். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும், “உள்ளே வாங்கம்மா” என்று கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஊதா நிறத்தில் மெலிந்து நீண்ட செல்கள், சுழிசுழியாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஓரத்துக்குத் தள்ளிக் காட்டினார். வெள்ளை வட்டங்களாகத் தெரிந்த கொழுப்புச் செல்களின் நடுவில், இருக்கிற சந்திலெல்லாம் அந்த ஊதாச் செல்கள் ஒரு வரிசை, இரண்டு வரிசையாக நுழைந்து போயிருந்தன. “கையால தடவினா கட்டி இங்கேயே முடிஞ்சிடும். கண்ணாடியில பாருங்க, எவ்வளவு தூரம் போயிருக்கு” என்றார். சிடி34 என்ற சாயம் போட்டால் இந்தச் செல்கள் பழுப்பாகத் தெரியும். இதே மாதிரி இருக்கும் சாதாரண நார்க்கட்டியில் பெரும்பாலும் அப்படித் தெரியாது. அந்த வித்தியாசத்துக்குத்தான் கூடுதல் பரிசோதனை. இரண்டு நாளில் முடிவு வந்தது. செல்கள் பழுப்பாகியிருந்தன.

நோயின் பெயர் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோட்யூபரன்ஸ். டாக்டர்கள் டி.எஃப்.எஸ்.பி. என்கிறார்கள். 1924-இல் பிரான்சில் டாரியே, ஃபெரான் என்ற இருவர் இதை விவரித்தார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஹாஃப்மன் இந்தப் பெயரை வைத்தார். அமெரிக்கக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு நான்கு பேருக்குப் பக்கமாக வருகிறது. 20 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில்தான் அதிகம். மார்பு, முதுகு, தோள் போன்ற இடங்களில் வருவது வழக்கம். 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-இன் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதுதான் காரணம். தோலில் கொலாஜன் உண்டாக்க எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கும் மரபணு, செல்லை வளரச் சொல்லும் இன்னொரு மரபணுவோடு சேர்ந்துவிடுகிறது. அதனால் அந்தச் செல்கள் தமக்குத் தாமே வளர்ச்சிக் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. இது பரம்பரையாக வருவதில்லை. தம்பி முதலில் கேட்டதே அவன் பெண் குழந்தையைப் பற்றித்தான், ஆகவே இதை டாக்டர் வாயாலேயே கேட்டு அவனுக்குச் சொல்ல வைத்தேன்.

புற்று என்ற வகையில் சேர்ந்தாலும் இது மற்ற இடத்துக்குப் பரவுவது குறைவு, நூற்றில் ஐந்து பேருக்கும் கீழே. பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்கு. இதன் தொல்லை வேறு மாதிரி. எடுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும். கண்ணுக்குத் தெரிந்த கட்டியை மட்டும் மேலோட்டமாக எடுத்தால், கால்வாசிப் பேரிலிருந்து பாதிப் பேருக்கு மேல் வரை திரும்ப வந்ததாகப் பழைய ஆய்வுகளில் இருக்கிறது. போதிய அகலம் விட்டு எடுத்தால் பத்தில் ஒருவருக்கும் கீழே இறங்குகிறது. ஓரம் முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து எடுக்கும் மோஸ் முறையில் நூற்றில் ஒன்றிரண்டுதான். “கோரையைத் தலையில கிள்ளி எறிஞ்சா நிக்குமாக்கா, கிழங்கோட தோண்டணும்ல” என்று தம்பி சொன்னான். தோட்டக்காரனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இடையில் ஊர்ப் பேச்சு. கத்தி பட்டால் கேன்சர் பரவும் என்று ஒரு சித்தப்பா இரவோடு இரவாக போன் செய்து தம்பி மனைவியைப் பயமுறுத்திவிட்டார். அவள் கண்கலங்கி, “அண்ணி, விட்டுடலாமா?” என்று கேட்டாள். அந்தப் பேச்சுக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. அரைகுறையாக எடுத்து, சீக்கிரமே பெரிதாகத் திரும்பி வந்த கட்டிகளை ஊர் பார்த்திருக்கிறது. கத்தி காரணமில்லை, மிச்சம் விட்டதுதான் காரணம் என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னேன். நான் சொன்னதைவிட வார்டு சிஸ்டர் சொன்னது வேலை செய்தது: “வெட்டாம விட்டா மட்டும் சும்மா இருக்கப் போகுதா?”

மோஸ் முறை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. எங்களுக்கு டாக்டர் சொன்ன திட்டம் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் கட்டி, பழைய தழும்பு, சுற்றிலும் 3 சென்டிமீட்டர் நல்ல தோல், அடியில் தசையை மூடியிருக்கும் சவ்வு வரை எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுப்பது. பிறகு புண்ணை மூடாமல் கட்டு மட்டும் போட்டு வைத்து, ஓரம் சுத்தமா என்று லேப் சொல்லும் வரை காத்திருப்பது. சுத்தம் என்று வந்தபின்தான் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவது. பொதுவாக 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை விடுவார்கள், இடத்தைப் பொறுத்து.

புண்ணைத் திறந்தே வைப்பார்கள் என்றதும் வீட்டில் எல்லாருக்கும் திகைப்பு. அங்கேயே பக்கத்துத் தோலை இழுத்துத் திருப்பி மூடிவிடலாமே என்று நானும் கேட்டேன். டாக்டர் நிதானமாகச் சொன்னார். ஓரத்தில் நோய் மிச்சமிருக்கிறது என்று பிறகு தெரிந்தால், திருப்பிய தோலுக்கு அடியில் அது எங்கே இருக்கிறது என்று தேட முடியாது. நல்ல இடத்தையும் கலைத்ததாகிவிடும். அதோடு, கனமான தோலுக்குக் கீழே திரும்ப முளைத்தால் கைக்குத் தட்டுப்பட நாளாகும். மெல்லிய தோலொட்டு என்றால் சீக்கிரம் தெரியும். எனக்கு அந்த மனிதர் மேல் முழு நம்பிக்கை வந்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

ஆபரேஷன் அன்று காலை வார்டிலேயே ஸ்கேலை வைத்து, ஊதா மையில் தோள்பட்டையில் கோடு போட்டார். முண்டைத் தடவி அதன் எல்லையில் ஒரு வட்டம், அதிலிருந்து எட்டுத் திசையிலும் 3 சென்டிமீட்டர் அளந்து புள்ளி, புள்ளிகளைச் சேர்த்து வெளி வட்டம். தம்பி குனிந்து பார்க்க முயன்று முடியாமல், “எவ்வளவுக்கா?” என்று கேட்டான். என் கையை விரித்துக் காட்டினேன். எடுத்த துண்டில் இரண்டு இடத்தில் நூல் தைத்து அனுப்புவார்கள்: குட்டை நூல் இருக்கும் பக்கம் மேல் பக்கம், நீள நூல் இருக்கும் பக்கம் வெளிப்பக்கம். இந்த நூல் இல்லாவிட்டால் லேபில், ஓரத்தில் நோய் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும். எந்த ஓரம் என்று சொல்ல முடியாது. இவ்வளவு சின்ன விஷயத்தில் இவ்வளவு பெரிய காரியம் அடங்கியிருக்கிறது.

எங்களுக்கு அந்த நூல் உதவத்தான் செய்தது. ஒரு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் மூன்று பக்கமும் அடிப்பகுதியும் சுத்தம், கழுத்துப் பக்க ஓரத்தில் மட்டும் நோய் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டி மோசமான வகையாக மாறிய அறிகுறி எதுவும் இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். பத்துப் பேரில் ஒருவருக்குச் சற்று மேலாக அப்படி மாறுமாம். மாறினால் பரவும் ஆபத்து கூடும். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். கழுத்துப் பக்கம் மட்டும் இன்னொரு கீற்று எடுத்தார்கள், அதுவும் லேபுக்குப் போனது, சுத்தம் என்று வந்தது. அதன்பிறகுதான் தோல் ஒட்டினார்கள்.

காத்திருந்த நாட்களில் கட்டு மாற்றிய சிஸ்டர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒட்டியிருக்கும் துணியைப் பிய்க்காமல், சலைன் விட்டு ஊற வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே உரிப்பார்கள். தம்பி ஒரு நாள்கூடக் கத்தவில்லை. ஒட்டிய தோலை ஐந்தாம் நாள் திறந்து பார்த்தபோது நன்றாகப் பிடித்திருந்தது. தோள்பட்டையைவிடத் தோல் எடுத்த தொடைதான் அதிகம் வலித்தது. இது எல்லாருக்கும் அப்படித்தானாம், முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வசதியில் குறையும் இருந்தது. பில் ஒரு மாடியில், மருந்து ஒரு மாடியில், காப்பீட்டுக் கவுண்டர் வேறொரு கட்டடத்தில். படிக்கத் தெரிந்த ஒருவர் துணைக்கு இல்லாவிட்டால் கிராமத்திலிருந்து வருகிறவர்கள் தவித்துப் போகிறார்கள். லிஃப்ட் பக்கத்தில் ஒரு பாட்டி கையில் சீட்டோடு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நெடுநேரம் நின்றிருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். ஒவ்வொரு தளத்திலும் வழி சொல்ல ஒரு ஆள் போட்டால் போதும், ஆஸ்பத்திரிகள் இதைச் செய்ய வேண்டும்.

செலவில் கை கொடுத்தது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் மையத்தில் பதிவு செய்ய வேண்டும். தம்பி குடும்பத்தில் இதை முன்பே செய்து வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தகுதி இருந்தால், உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்; நோய் வந்தபின் சான்றுக்கு அலைவது கொடுமை. அறுவைக்கு முன் அனுமதி வர வேண்டும், அதற்குப் பயாப்ஸி ரிப்போர்ட்டும் ஸ்கேனும் கேட்டார்கள்.

வெட்டியும் முழுதாக எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்று கேட்டபோது டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஓரத்தில் மிச்சம் இருந்து, மேலும் வெட்ட இடமில்லை என்றால் கதிர்வீச்சு. வெட்டவே முடியாத இடம், அல்லது பரவிவிட்டது என்றால் இமாடினிப் மாத்திரை. ரத்தப் புற்றுக்காக வந்த மாத்திரை. இந்தக் கட்டியின் வளர்ச்சிக் கட்டளையையும் அடைப்பதால் 2006-இல் அமெரிக்காவில் இதற்கும் அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரைக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. நோவார்ட்டிஸ் கம்பெனி இதற்குக் காப்புரிமை கேட்டு 1998-இல் விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில். 2006-இல் அங்கேயே மறுத்தார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி மறுப்பு உறுதியானது. மாதம் 1,20,000 ரூபாய் ஆகும் என்று சொல்லப்பட்ட மருந்து, நம் நாட்டுக் கம்பெனிகள் தயாரித்ததில் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. தம்பிக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தாலும் வாங்க முடிந்திருக்கும் என்ற எண்ணமே எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி கண்காணிப்பு. முதல் மூன்று வருடத்தில்தான் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் பல வருடம் கழித்து வந்தவர்களும் உண்டு. ஆகவே இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை, ஆயுசுக்கும். ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. கைதான் கருவி. மாதம் ஒரு முறை குளித்துத் துடைத்தபின், ஒட்டின தோலின் நடுவிலும் ஓரம் முழுவதும் விரல் நுனியால் அழுத்தி, முண்டோ தடிப்போ இருக்கிறதா என்று தம்பி மனைவி பார்க்க வேண்டும். டாக்டர் அவள் கையைப் பிடித்தே பழக்கிக் கொடுத்தார். தழும்பு எப்படியும் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். புதிதாக வருவதும் வளர்வதும்தான் கவனிக்க வேண்டியது. முதல் நாளே ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்திருக்கிறோம், ஒவ்வொரு மாதமும் அதே வெளிச்சத்தில் எடுத்து எனக்கும் அனுப்புகிறாள். ஒட்டின தோலில் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், வெயில் படாமல் சட்டை போட்டுத்தான் தோட்டத்தில் இறங்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் லேபில் போய் மெழுகு பிளாக்குகளையும் ஸ்லைடுகளையும் பற்றிக் கேட்டேன். பிளாக் என்பது ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் உறைந்த மெழுகு, அதற்குள் தம்பியின் சதைத் துண்டு, ஓரத்தில் பென்சிலில் எழுதிய நம்பர். நாளைக்கு வேறு ஊரில் இரண்டாவது கருத்துக் கேட்டாலும், குரோமோசோம் பரிசோதனை செய்தாலும் இதைத்தான் கேட்பார்கள். எழுதிக் கொடுத்து, ரசீதில் கையெழுத்துப் போட்டால் தருகிறார்கள். லேப் நம்பர் தெரிந்தால் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். ரிப்போர்ட்டின் மேல் மூலையில் அந்த நம்பர் இருக்கும். மதியத்துக்கு மேல் போனால் அந்தக் கவுண்டரில் ஆள் இருப்பதில்லை, காலையில் போங்கள்.